ரோஜாவும் ரேடியமும்

பெண்ணொருத்தி ஒன்றைச் சாதித்துவிட்டால் முதலில் அவள் கைக்கு வருவது ஒரு பூச்செண்டுதான். பரிசளிப்பு விழா மேடையானாலும் மகளிர் தின விழாவானாலும் இதில் மாற்றமில்லை. பூவை வாங்கிக்கொள்வதில் யாருக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் பூவோடு வேறு என்ன கொடுத்தார்கள், எதைக் கொடுக்காமல் விட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தால், நமக்குத் தெரிந்த வரலாறு கூடப் புதிதாகத் தோன்றும். மேரி கியூரி அம்மையாரின் வரலாறு அப்படிப்பட்டது. அவர் ரேடியத்தைக் கண்டுபிடித்தவர், நோபெல் பரிசை இருமுறை பெற்றவர் என்று நாம் எல்லாரும் பாடத்தில் படித்திருக்கிறோம். பூக்களின்மீது அவர் உயிரையே வைத்திருந்தார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

போலந்து நாட்டின் வார்ஸா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. வீட்டில் எல்லாரும் மான்யா என்று செல்லமாக அழைத்தனர். ஐந்து குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. தந்தை கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாய் ஒரு பெண்கள் பள்ளியின் தலைவியாக இருந்தவர். அக்காலத்தில் அந்தப் பகுதி ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் தாய்மொழியில் பாடம் நடத்துவது குற்றம்! மான்யாவுக்குப் பதினொரு வயது நிரம்புவதற்குள், மூத்த அக்காவை விஷக் காய்ச்சலும் தாயைக் காசநோயும் கொண்டுபோயின.

அந்தத் துயரத்தோடும் அவர் படித்தார். 1883ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளிப் படிப்பை முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். அந்தக் குடும்பத்துக்கு அது மூன்றாவது தங்கப் பதக்கம். விழாவுக்கு அவர் கறுப்பு உடையில், மார்பில் ரோஜாக் கொத்து ஒன்றைக் குத்திக்கொண்டு போனார் என்று அவருடைய மகள் ஈவ் எழுதிய வரலாற்றிலிருந்து அறிகிறோம். தோழியரே, அப்போது அவருக்கு வயது 15. பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அதே வயதுதான். ஒப்பிட்டுப் பார்க்க அச்சமாக இருப்பதால் அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

பதக்கமும் கிடைத்தது, பூவும் கிடைத்தது. பிறகு? வார்ஸாப் பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறக்காது. எத்தனை தங்கப் பதக்கம் வைத்திருந்தாலும் அதே பதில்தான். பாரிசுக்குப் போனால் படிக்கலாம். ஆனால் போவதற்குப் பணம் இல்லை. அக்கா பிரோன்யாவும் மான்யாவும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். முதலில் அக்கா பாரிசுக்குப் போய் மருத்துவம் படிப்பது. தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது. அக்கா தேறியதும் தங்கையை அழைத்துக்கொள்வது. இந்த ஒப்பந்தத்துக்காக மான்யா நகரத்தை விட்டுத் தொலைவில் இருந்த ஒரு பண்ணை வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில் அமர்ந்தார். ஓய்வு நேரத்தில் சும்மா இராமல், அவ்வூர் உழவர்களின் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தாய்மொழியில் எழுத்துக் கற்பித்தார். பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தே செய்தார். இரவில் தனியே உட்கார்ந்து கணிதமும் பௌதிகமும் படித்தார். இப்படியே ஆண்டுகள் கழிந்தன. 1891ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாரிசுக்கு இரயில் ஏறியபோது அவருக்கு வயது 24ஐ நெருங்கிவிட்டது.

பாரிசில் அவர் பட்ட வறுமையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மாடியின் உச்சியில் ஒரு சிற்றறை. குளிர் தாங்காமல் இருக்கிற துணியையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு உறங்குவாராம். ரொட்டியும் தேநீருமே உணவு. பட்டினியால் மயங்கி விழுந்ததும் உண்டு. அந்தப் பட்டினியோடு 1893இல் பௌதிகத்தில் முதலாவதாகவும், 1894இல் கணிதத்தில் இரண்டாவதாகவும் தேறினார். அந்த 1894ஆம் ஆண்டில்தான் பியேர் கியூரி என்ற விஞ்ஞானியைச் சந்தித்தார்.

அடுத்த ஆண்டு ஜூலை 26ஆம் நாள் திருமணம். ஆடம்பரம் எதுவும் இல்லை. மணப்பெண்ணின் உடை கருநீல நிறத்தில் இருந்தது. பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் போட்டுக்கொள்ள உதவவேண்டும் என்பது அவருடைய கணக்கு! உறவினர் கொடுத்த பணத்தில் இரண்டு சைக்கிள்கள் வாங்கி, இருவரும் கிராமப்புறமெங்கும் சுற்றினார்கள். ஒரு குளக்கரையில் பியேர் சேற்றில் இறங்கி, மனைவிக்காக அல்லிப் பூக்களும் மஞ்சள் ஐரிஸ் பூக்களும் பறித்தார். பூவோடு நில்லாமல் ஈரத் தவளை ஒன்றையும் அவர் கையில் வைத்துவிட்டார். மேரி அலறிவிட்டாராம். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானியும் தவளைக்கு அலறுவார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு.

பாரிசில் அவர்கள் குடியேறிய வீட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், புத்தகங்கள், ஒரு விளக்கு. மேசையின்மேல் ஒரு பூங்கொத்து. விருந்தினர் வந்து நெடுநேரம் தங்கிவிட்டால் படிப்புக் கெடும் என்று மூன்றாவது நாற்காலி வாங்கவில்லை. பூவுக்கு மட்டும் இடம் இருந்தது.

ரேடியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுரேனியத்திலிருந்து வரும் புதுவகைக் கதிர்களை ஆராயத் தொடங்கிய மேரி, பிட்ச்பிளெண்ட் என்ற தாதுப்பொருள் அதிலுள்ள யுரேனியத்துக்கு உரியதைவிட மிகுதியான கதிர் வீசுவதைக் கண்டார். அப்படியானால் அதற்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்க வேண்டும். 1898ஆம் ஆண்டு ஜூலையில் கணவனும் மனைவியும் ஒரு புதிய தனிமத்தை அறிவித்தனர். அடிமைப்பட்டுக் கிடந்த தம் நாட்டின் நினைவாக மேரி அதற்குப் பொலோனியம் என்று பெயரிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ரேடியம் அறிவிக்கப்பட்டது. அறிவித்தால் போதுமா? கண்ணால் காட்டவேண்டும், எடை போட்டுக் காட்டவேண்டும். ஒழுகும் கூரையுள்ள ஒரு கொட்டகையில், டன் கணக்கான தாதுக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் காய்ச்சினார்கள். தம் உயரத்துக்குச் சமமான இரும்புக் கம்பியால் மேரி நாள் முழுவதும் கிளறினார். 1902இல் கிடைத்தது பத்தில் ஒரு கிராம் ரேடியம் குளோரைடு! இரவில் அந்தக் கொட்டகைக்குப் போனால் குப்பிகள் நீல நிறத்தில் மெல்ல ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே இருவரும் இருட்டில் போவார்கள். அந்த அழகிய ஒளி மனித உடலை உள்ளிருந்து அரிக்கும் என்பதை அப்போது எவரும் முழுமையாக அறியவில்லை.

ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்கு அவர்கள் உரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருக்கலாம். விஞ்ஞானம் எல்லாருக்கும் பொது என்று எண்ணி, முறையை அப்படியே உலகுக்குச் சொல்லிவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1903ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபெல் பரிசு வந்தது. பாரிசிலிருந்து சென்ற பரிந்துரைக் கடிதத்தில் பெக்கரல், பியேர் ஆகிய இரண்டு ஆண்களின் பெயர்களே இருந்தன. ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர் இரகசியமாகத் தகவல் சொல்ல, பியேர் உடனே கடிதம் எழுதி, தம் மனைவியின் பங்கை எடுத்துச் சொன்னார். அதன்பின்தான் மேரியின் பெயர் சேர்ந்தது. தாதுவைக் கிளறிய கை யாருடையது என்பதை யாராவது சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது.

1906ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையைக் குடும்பத்தோடு நாட்டுப்புறத்தில் கழித்தார்கள். எட்டு வயது ஐரீன் பட்டாம்பூச்சியைத் துரத்தினாள். கைக்குழந்தை ஈவ் தத்தித் தத்தி நடந்தாள். சதுப்பு நிலத்தில் பறித்த பட்டர்கப் பூக்களை எடுத்துக்கொண்டு பியேர் முன்னதாகப் பாரிசுக்குத் திரும்பினார். அந்த வாரமே, ஏப்ரல் 19ஆம் நாள், மழை பெய்துகொண்டிருந்த ஒரு வீதியில் குதிரை வண்டியின் சக்கரத்தில் சிக்கி அவர் இறந்தார். அவருடைய சவப்பெட்டியில் மேரி தம் சிறிய படம் ஒன்றையும், வீட்டுத் தோட்டத்திலிருந்து பறித்த பெரிவிங்கிள் பூக்களையும் வைத்தார். பெரிவிங்கிள் என்பது நம் ஊர் நித்தியகல்யாணிக்கு உறவான ஒரு சிறு பூ. அந்த வீட்டிலிருந்து போன பூக்களிலெல்லாம் கனமான பூ அதுதான்.

சார்போன் பல்கலைக்கழகம் கணவரின் இடத்தை மனைவிக்கு அளித்தது. அதுவரை அங்கே பெண் எவரும் பாடம் நடத்தியதில்லை. 1906ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பகல் ஒன்றரை மணிக்கு முதல் வகுப்பு. பெரிய மனிதர்களும் சீமாட்டிகளும் அரங்கத்தை நிறைத்திருந்தார்கள். விதவை கண்ணீர் விடுவாள், கணவனைப் புகழ்வாள் என்று எதிர்பார்த்தார்கள் போலும். மேரி உள்ளே வந்தார். கைதட்டல் ஓயும்வரை நின்றார். கணவர் எந்த வாக்கியத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ அதிலிருந்து தொடங்கினார். பாடம் முடிந்ததும் வந்த வழியே போய்விட்டார்.

இனி, கொடுக்கப்படாத ஒரு பூச்செண்டின் கதை. 1911ஆம் ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் காலியாக இருந்த ஓர் இடத்துக்குத் தேர்தல் நடந்தது. மேரி போட்டியிட்டார். நோபெல் பரிசு பெற்றவருக்கு இடம் கொடுக்க என்ன தடை? பெண் என்பதே தடை. நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. தேர்தல் நாளன்று கழகத்தின் தலைவர், பெண்களைத் தவிர எல்லாரையும் மண்டபத்துக்குள் விடுமாறு காவலர்களுக்கு உத்தரவிட்டார். மேரி மிகச் சில வாக்குகளில் தோற்றார். அவருடைய ஆய்வுக்கூடத்திலோ, நிச்சயம் வெற்றிதான் என்று நம்பிய உதவியாளர்கள் பெரிய பூங்கொத்து ஒன்றை வாங்கி, தராசு வைத்திருந்த மேசையின் அடியில் ஒளித்து வைத்திருந்தனர். செய்தி வந்ததும் ஆய்வுக்கூடத்துத் தொழிலாளி அதைச் சத்தமில்லாமல் எடுத்து மறைத்துவிட்டார். மேரி ஒன்றும் சொல்லாமல் தம் வேலையைப் பார்த்தார். அதன்பின் அந்தக் கழகத்தின் வாசலில் அவர் மறுபடி போய் நிற்கவில்லை. அவரிடம் ஆய்வு பயின்ற மார்கரிட் பெரே என்ற அம்மையார் 1962இல் அக்கழகத்தின் துணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முழு உறுப்பினராக ஒரு பெண் முதன்முதலில் நுழைந்தது 1979ஆம் ஆண்டில்! மேசைக்கடியில் இருந்த பூங்கொத்துக்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் காத்திருப்பு.

அதே 1911இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு வந்தது. இரண்டு நோபெல் பரிசுகள் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. அப்போது பாரிசுப் பத்திரிகைகள் அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றித் தூற்றிக்கொண்டிருந்தன. வீட்டுச் சன்னலில் கல் எறிந்தார்கள். பரிசு வாங்க வராமல் இருப்பது நல்லது என்று ஸ்வீடனிலிருந்து ஓர் அறிஞரே எழுதினார். பரிசு ஆராய்ச்சிக்கு உரியது, அதற்கும் சொந்த வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்று பதில் எழுதிவிட்டு, அக்காவையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு மேரி ஸ்டாக்ஹோம் சென்றார். திரும்பியதும் கடும் நோயில் விழுந்தார்.

தேறி எழுந்தபோது அவருக்கு ஆறுதலாக இருந்தது பாரிசில் எழும்பிக்கொண்டிருந்த ரேடியம் ஆய்வு நிலையம். அதன் கட்டட வேலை எப்படி நடந்தது தெரியுமா? அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே மேரி மரக்கன்றுகளை வாங்கிவிட்டார். கட்டடம் முடிகிறபோது மரங்கள் இரண்டு வயது வளர்ந்திருக்குமே என்பது அவருடைய யோசனை. கட்டட நிபுணர் சிரித்திருப்பார். மேரி மண்வெட்டியைத் தாமே எடுத்துக்கொண்டு கொடி ரோஜாச் செடிகளை நட்டு, கையால் மண்ணை அழுத்திவிட்டு, நாள்தோறும் தண்ணீர் ஊற்றினார். 1914ஆம் ஆண்டு கோடையில் கட்டடம் முடிந்தது. அடுத்த மாதமே முதல் உலகப் போர் மூண்டது.

போரின்போது அவர் செய்த தொண்டுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். எக்ஸ்ரே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். தாமே வண்டி ஓட்டக் கற்றார். பதினேழு வயது ஐரீனையும் கூட்டிச் சென்றார். எக்ஸ்ரே எடுக்கப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். பத்து இலட்சத்துக்கும் அதிகமான வீரர்களின் உடலில் பாய்ந்த குண்டு எங்கிருக்கிறது என்று அந்தக் கருவிகள் காட்டின.

போர் முடிந்தது. நிலையத்தில் ரோஜா பூத்தது. ரேடியம்தான் இல்லை. 1920ஆம் ஆண்டு மெலனி என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியை அவரைக் காண வந்தார். உலகப் புகழ் பெற்றவர் என்பதால் மாளிகை போன்ற ஆய்வுக்கூடத்தை எதிர்பார்த்திருந்தார். வந்து பார்த்தால் கறுப்பு உடையில் கூச்சத்தோடு ஓர் அம்மையார் நிற்கிறார். கைவிரல்கள் ரேடியத்தால் புண்பட்டு, தோல் தடித்திருந்தன. பேச்சுவாக்கில் மேரி, அமெரிக்காவில் ஏறக்குறைய 50 கிராம் ரேடியம் இருப்பதையும், அது எந்தெந்த ஊரில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் ஒப்புவித்தார். தம் நிலையத்தில் இருப்பதோ ஒரு கிராமுக்குச் சற்று அதிகம். அதுவும் மருத்துவமனைகளுக்கு உதவவே செலவாகிறது என்றார். உலகத்திலிருந்து எதையாவது கேட்டுப் பெறலாம் என்றால் எதைக் கேட்பீர்கள் என்று மெலனி கேட்டார். ஆராய்ச்சிக்கு ஒரு கிராம் ரேடியம் என்பதே பதில். அதன் விலை ஓர் இலட்சம் டாலர். கண்டுபிடித்தவருக்கே வாங்க முடியவில்லை! உரிமை பெறாமல் விட்டதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா?

மெலனி அம்மையார் ஊர் திரும்பினார். பெருஞ்செல்வச் சீமாட்டிகள் பத்துப் பேரிடம் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் வாங்கிவிடலாம் என்று முதலில் நினைத்தார். அத்தனை பேர் கிடைக்கவில்லை. பிறகு நாடெங்கும் உள்ள பெண்களிடம் கேட்டார். கல்லூரி மாணவியரும் குடும்பப் பெண்களும் பெண்கள் சங்கங்களும் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் இலட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. மேரி நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அழைப்பு வந்தது. கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குகிறவர், இரண்டு மகள்களுடன் ஒலிம்பிக் என்ற கப்பலில் ஏறினார். மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலின் உடன்பிறப்புக் கப்பல் அது.

1921ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. ஐந்து மணி நேரமாக மக்கள் காத்திருந்தனர். சாரணச் சிறுமிகள் ஒரு பக்கம், பள்ளி மாணவியர் ஒரு பக்கம். அமெரிக்காவில் குடியேறிய போலந்துப் பெண்கள் முந்நூறு பேர் சிவப்பு ரோஜாவும் வெள்ளை ரோஜாவும் ஏந்தி அசைத்தார்கள். சிவப்பும் வெள்ளையும் போலந்துக் கொடியின் நிறங்கள். மான்யா சிறுமியாக இருந்தபோது அந்தக் கொடியை வெளியே காட்டவே முடியாது. போர் முடிந்த 1918இல்தான் அவருடைய நாடு விடுதலை பெற்றிருந்தது. ஆகவே அந்த முந்நூறு பேரின் ரோஜாக்களை வெறும் வரவேற்புப் பூக்களாக அவர் பார்த்திருக்க முடியாது.

மெலனியின் வீட்டை அடைந்தபோது அங்கும் அறை முழுவதும் பூக்கள். அவற்றில் மிக அழகிய ரோஜாக்களை அனுப்பியவர் ஒரு தோட்டக்காரர். அவருக்குப் புற்றுநோய் வந்து, ரேடியச் சிகிச்சையால் குணமாகியிருந்தது. மேரி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு மாதங்களாக அவருக்கென்றே அந்த ரோஜாக்களை வளர்த்தார். அவர் விஞ்ஞானி அல்லர், கழகத்தின் உறுப்பினரும் அல்லர். தமக்குத் தெரிந்த தொழிலால் நன்றி சொன்னார். மேரி தம் வாழ்வில் பெற்ற பரிசுகள், பட்டங்கள், பதக்கங்கள் ஒரு நீண்ட பட்டியல். அவற்றிலெல்லாம் இந்த ரோஜாக்களுக்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

பிறகு பெண்கள் கல்லூரிகள். ஸ்மித், வாசர், பிரின் மார், மவுண்ட் ஹோலியோக் என்று வரிசையாகச் சென்றார். வெள்ளுடை அணிந்த மாணவியர் சாலையோரம் அணிவகுத்து நின்றார்கள். ஆயிரக்கணக்கில் புல்வெளியைக் கடந்து அவருடைய வண்டியை நோக்கி ஓடி வந்தார்கள். கொடியையும் பூவையும் வீசினார்கள். அவ்வளவு பெண்கள் ஒன்றாகக் கல்லூரியில் படிப்பதை, வார்ஸாவில் கதவடைக்கப்பட்ட அந்தக் கண்கள் கண்டன. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் அவரை வரவேற்று உபசரித்தது. கௌரவப் பட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மே 20ஆம் நாள் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் கையால் ரேடியம் வழங்குவதாக ஏற்பாடு. முதல் நாள் இரவு மெலனி தானப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். மேரி பொறுமையாகப் படித்தார். ரேடியம் அவருக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. இது சரியல்ல, நான் இறந்தால் இது என் பெண்களின் சொத்தாகிவிடும், ஆய்வு நிலையத்துக்கே சேரவேண்டும் என்றார். அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். இன்றிரவே நான் இறந்துபோகலாமே என்று மறுத்துவிட்டார். அந்நேரத்தில் ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்து, பத்திரத்தைத் திருத்திக் கையெழுத்திட்ட பிறகே உறங்கப் போனார். மறுநாள் விழாவில் ஹார்டிங் கொடுத்தது ஈயப் பெட்டியின் சிறு தங்கச் சாவியை மட்டும்தான். கதிர் வீசும் பொருளை விருந்தினர் நடுவே கொண்டுவர முடியாதே!

அந்தப் பயணத்தில் எத்தனையோ பேர் கைகுலுக்கினார்கள். ஓர் அன்பர் குலுக்கிய வேகத்தில் மேரியின் கையைத் தூளி கட்டித் தொங்கவிட நேர்ந்தது. களைப்பு மிகுதியால் சில விழாக்களுக்கு மகள்களை அனுப்பினார். பட்டமளிப்பு அங்கியின் பட்டுத் துணி புண்பட்ட விரல்களில் உரசினால் எரிச்சலாக இருந்ததாம். பாராட்டு என்று நாம் கொடுப்பது வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று எப்போதும் நினைத்துப் பார்க்கிறோமா? ஜூன் இறுதியில் கப்பல் திரும்பியது. ஒரு கிராம் ரேடியம் கப்பலின் இரும்புப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது.

1929இல் அமெரிக்கப் பெண்கள் மறுபடியும் பணம் திரட்டினார்கள். இம்முறை வார்ஸாவில் எழும்பிய ரேடியம் நிலையத்துக்காக. மேரி மீண்டும் கடல் கடந்து போய் அதைப் பெற்றுவந்தார். 1932ஆம் ஆண்டு மே மாதம் அந்த நிலையம் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த அதே ஊரில்!

பிறருடைய வெற்றியை மேரி எப்படிக் கொண்டாடினார் என்பதையும் சொல்லவேண்டும். பாரிசு நிலையத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பல காலங்களில் ஆராய்ச்சி செய்தார்கள். ஒருவர் டாக்டர் பட்டம் பெற்றால் அன்று ஆய்வுக்கூடத்தில் தேநீர் விருந்து. தண்ணீர் காய்வது பன்சன் அடுப்பில். கோப்பைக்குப் பதில் கண்ணாடிப் பீக்கர். கரண்டிக்குப் பதில் கண்ணாடிக் குச்சி. அங்கே பேச்செல்லாம் அவரவர் செய்த ஆராய்ச்சியைப் பற்றியே இருக்கும்.

1934ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நாள் பிற்பகல். மேரி ஆய்வுக்கூடத்தில் இருந்தார். மூன்றரை மணியளவில் காய்ச்சல் அடிப்பதாகக் கூறி, வீட்டுக்குப் புறப்பட்டார். நேரே போகாமல், தாம் நட்ட தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ரோஜாச் செடி ஒன்று வாட்டமாக இருந்தது. ஆய்வுக்கூடத் தொழிலாளி ஜார்ஜை அழைத்து, அதை உடனே கவனிக்கச் சொன்னார். வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்குமாறு அருகிலிருந்த மாணவர் வேண்டினார். சரியென்று கிளம்பியவர், வண்டியில் ஏறும் முன் திரும்பிப் பார்த்து, அந்த ரோஜாச் செடியை மறந்துவிட வேண்டாம் என்று ஜார்ஜிடம் மறுபடியும் சொன்னார். ஆய்வுக்கூடத்துக்கு அவர் அதன்பின் வரவில்லை.

மலைப்பகுதியில் இருந்த ஒரு மருத்துவ விடுதிக்கு அவரைக் கொண்டுசென்றார்கள். இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சையே பழுதுபட்டிருந்தது. ஆண்டுக்கணக்காக உடலில் பாய்ந்த கதிர்கள் செய்த வேலை அது. ஜூலை 4ஆம் நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66.

ஜூலை 6ஆம் நாள் பாரிசுக்கு அருகில் உள்ள ஸோ என்ற ஊரில், பியேரின் கல்லறையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மந்திரிகள் இல்லை, ஊர்வலம் இல்லை, சொற்பொழிவும் இல்லை. உறவினர், நண்பர், ஆய்வுக்கூடத் தோழர் மட்டும் நின்றார்கள். அண்ணன் ஜோசப்பும் அக்கா பிரோன்யாவும் போலந்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்திருந்தனர். அதைக் குழிக்குள் தூவினார்கள்.